மூன்று நிமிடத்துக்கு மேல்

டிங்-டாங். பிறகு ஒரு பெண் குரல்: “நொம்போர் எம்பாட், கோசோங், துஜூ.” நாலு, சைபர், ஏழு. குற்றாலிங்கம் கண்ணை மூடியபடியே அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டார். பதிவு செய்து வைத்த குரல்தான், ஆனாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் அந்தப் பெண் விடுகிற சின்ன இடைவெளியை மெச்சத்தான் வேண்டும், வேலை தெரிந்தவள். தென்காசி டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்தைந்து வருடம், அதில் முக்கால்வாசி ராத்திரி டூட்டி, காதில் கருவியை மாட்டிக்கொண்டு எண்களைக் கேட்டும் சொல்லியும் கழித்தவருக்கு எந்தப் பாஷையிலும் முதலில் வந்து ஒட்டிக்கொள்வது எண்தான். ஈப்போவுக்கு வந்த இரண்டு வருடத்தில் மலாயில் அவர் தானாகப் படித்துக்கொண்டது பத்து எண்களும் ‘தொலோங்’ என்கிற ஒரு சொல்லும். தொலோங் என்றால் கொஞ்சம் உதவி செய்யுங்கள், தயவு பண்ணுங்கள். இந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்தில் ஒரு பகலை ஓட்டிவிடலாம் என்றுதான் காலையில் கிளம்பும்போது நினைத்திருந்தார். கண்ணைத் திறந்தார். நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், குளிர், யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை, எதிரே வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். ஓரத்தில் ஒரு கதவு. மனைவி உலகம்மாள் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள். அவளுடைய எண் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று, அதைப் பத்தேகாலுக்கே கூப்பிட்டாயிற்று. இவருடைய பாஸ்போர்ட்டில் இன்னும் ஒரு வருடம் தங்குகிற பாஸை ஒட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவளைத்தான் விரல் பதியவில்லை என்று உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள். போகும்போது மடியிலிருந்த மஞ்சள் துணிப்பையை இவர் மடிக்கு மாற்றிவிட்டு, “இதப் பிடிங்க, பஞ்சு பறந்துறாம. இந்தா வாரேன்” என்றாள். பைக்குள் பஞ்சும், அவள் திரித்து முடித்த விளக்குத் திரிகள் அடுக்கிய பிஸ்கட் டப்பாவும். எங்கே உட்கார்ந்தாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. சுவரில் கடிகாரம் பதினொன்று பத்து. இந்தா வாரேன் என்று சொன்னவள்.

இன்றோடு அவளுக்குப் பாஸ் முடிகிறது. இன்று என்றால் இன்றே, நாளைக்குக் காலையில் அவள் இந்த ஊரில் இருந்தால் இருக்கக்கூடாதவள். மகள் செண்பகா வேலை பார்க்கிற பல்கலைக்கழகத்துக் கடிதம் நேற்றுச் சாயந்திரம்தான் வந்தது, அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, வந்ததே என்று இருக்க வேண்டியதுதான். பாஸ் நீளவில்லையென்றால் அவள் வெளியே போய், ஊரிலிருந்து புதிதாக எழுதிப்போட்டு, அது வர மூன்று மாதம். செண்பகாவுக்கு இது எட்டாவது மாதம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, முப்பத்தொன்பது வயதில், டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்காதே என்று சொல்லியிருக்கிறார். “அம்மா கை பிடிக்காம நான் பெத்துக்கிட மாட்டேன், பிள்ளைட்ட சொல்லி வச்சிருக்கேன்” என்று சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள், ஆனால் சிரிப்பு முடிகிற இடத்தில் முகம் ஒரு மாதிரி ஆகும். மாப்பிள்ளை நல்ல பையன், காலையில் இவர்களை வாசலில் இறக்கிவிட்டு, ஒண்ணும் ஆகாது மாமா என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனான். ஒண்ணும் ஆகாது. எதை வைத்துச் சொல்லுகிறார்கள் இதை? இவரும்தான் சொல்லியிருக்கிறார், எத்தனையோ ராத்திரி, லைன் கிடைக்காமல் தவிக்கிறவர்களிடம், ஒண்ணும் ஆகாது இருங்க, மெட்ராஸ் லைன் பேசிட்டு இருக்கு, முடிஞ்சதும் போடுதேன் என்று. மெட்ராஸ் பேசிக்கொண்டிருக்காது. அங்கே உள்ள ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருப்பான். டிங்-டாங். எம்பாட், சத்து, சத்து. நாலு, ஒண்ணு, ஒண்ணு. அந்தக் கதவு அசையவில்லை.

விரல் எப்படிப் பதியும்? அந்த விரல்களில் என்ன மிச்சமிருக்கிறது பதிய? பதினான்கு வயதில் பீடித் தட்டை மடியில் வைத்தவள். இலையை நனைத்து, அளவுத் தகடு வைத்துக் கத்தரித்து, தூளைப் போட்டு, பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் உருட்டி, நடுவிரலால் மடித்து, நூலைச் சுற்றி இறுக்கி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. செண்பகா காலேஜ் முடிக்கிற வரைக்கும் நிறுத்தவில்லை. கவர்மெண்டு உத்தியோகக்காரன் பெண்டாட்டிக்கு எதுக்கு பீடி என்று எக்சேஞ்சில் கேட்டவன் உண்டு. இவர் அவளிடம் அதைச் சொன்னபோது, “அந்தச் சாருட்ட சொல்லுங்க, உங்க சம்பளம் வீட்டுக்கு, எம் பீடி பிள்ளைக்கு” என்றாள், தலையைத் தூக்காமலே. முன்னே ஊரில் ஆதார் எடுக்கப் போனபோதே இந்தக் கூத்து நடந்தது. அங்கிருந்த பையன் இவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன ஆச்சி, ரேகையெல்லாம் வித்துட்டியளா?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான் சிரித்தாள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் கையை முதல்தடவையாக வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். அதற்குள் முப்பது வருடம். ராத்திரி பத்துக்கு இவர் போனால் காலை ஆறரைக்கு வருவார். அவள் ஏழு மணிக்கு இலை நனைத்துவிடுவாள். இவர் தூங்கி எழுகிற நேரம் அவள் கடைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். சாயந்திரம் ஐந்திலிருந்து ஒன்பது வரைக்கும் இருவரும் ஒரே வீட்டில் விழித்திருந்தார்கள், அதில் பாதி நேரம் வீட்டுக்கு யாராவது வந்திருப்பார்கள். கணக்குப் பார்த்தால், வேண்டாம், கணக்குப் பார்க்க வேண்டாம். ரிட்டயரான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, அவள் தூங்குகிற நேரம் இவர் முழித்துக்கொண்டு ரேடியோவில் ஏதாவது பாஷை கேட்டுக்கொண்டு கிடந்தார். இந்த ஊருக்கு வந்தபிறகுதான், ஏனென்று தெரியவில்லை, மழையா, ஊர் மணிக்கும் இந்த மணிக்கும் உள்ள வித்தியாசமா, இருவருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வர ஆரம்பித்தது. அறுபத்தெட்டு வயதில் ஒரு மனுஷன் அதைப் போய் யாரிடம் சொல்லுவான்.

கதவு திறந்தது. எழுந்தேவிட்டார், திரி டப்பா ஒரு பக்கம் சரிந்தது. முதலில் காவலர் வீரையா வந்தார், இந்த ஊரிலேயே பிறந்த தமிழர், காக்கிச் சட்டையில் பொத்தான் ஒன்று இல்லை. அவர் பின்னால் உலகம்மாள், புடவைத் தலைப்பில் கையைச் சுற்றி வைத்திருந்தாள், களவாண்ட பொருளை மறைக்கிற மாதிரி. “முடிஞ்சுதா?” என்றார். “எங்க முடிய? சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரச் சொல்லுதாவ. அந்தப் பொண்ணு பாவம், துடைச்சுத் துடைச்சு வைக்கா, மிஷினு சிவப்பாவே காட்டுது.” வீரையா தலையைச் சொறிந்தார். “ஐயா, அம்மா கையில இனாய் போட்டிருக்காங்க இல்ல, மருதாணி. அதான் மிஷின் முழிக்குது. இங்க மலாய்க்காரங்க கல்யாணப் பொண்ணுங்களே இந்த மாதிரி வந்து திரும்பிப் போவாங்க. நீங்க பாஸ் முடியிற அன்னிக்கா போட்டு விடுவீங்க?” சொல்லிவிட்டு, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “கழுவிட்டு வரட்டும், பாப்போம்லா” என்று குரலை இறக்கினார். “ஆனா பன்னெண்டே முக்காலுக்குக் கதவடைப்பாங்க ஐயா. மத்தியானத்துக்கு மேல அந்த மிஷின் ஓடாது, சர்வீசுக்கு ஆள் வர்றான்.” உலகம்மாள் கழுவப் போனாள். திரும்பி வரும்போது நடுவழியில் கையை விரித்து இவருக்குக் காட்டினாள், கழுவக் கழுவச் சிவப்பு இன்னும் ஏறியிருந்தது. “எப்படிப் பத்தியிருக்குன்னு பாருங்க” என்றாள். அந்த நேரத்திலும் அவள் முகத்தில் ஒரு பெருமை. மறுபடியும் கதவு சாத்திக்கொண்டது.

இவர்தான் வைத்துவிட்டார். அதை வீரையாவிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சாயந்திரம், எதிர்வீட்டு லெட்சுமி ஒரு கூடை மருதாணி இலையைப் பறித்துக் கொடுத்து, ஆடி மாசமாச்சே ஆண்ட்டி, வையுங்க என்றாள். உலகம்மாள் பழைய வழக்கப்படி இடது கையை நீட்டி வைத்துக்கொண்டு வலது கையால் அப்ப ஆரம்பித்தாள். “ரெண்டு கைக்கும் வையேன்” என்றார் இவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்: “வலது கைக்கு யாரு வைப்பா? ராத்திரி நீங்க டூட்டிக்குப் போயிருவிய. பிள்ளைக்கு வச்சுவிட்டு, எனக்கு இடது கையில வச்சுக்கிடுவேன். வலது கை எப்பவும் வெறுங்கைதான்.” முப்பது ஆடி. வலது கை வெறுங்கை. அவர் பேப்பரை மடித்து வைத்தார். விழுதை எடுத்து உருட்டி விரல் நுனியில் தொப்பி மாதிரி கவிழ்க்கவேண்டும், நகம் மூட, ரேகை மூட. முதல் விரல் கோணலாக வந்தது, அவள் சிரித்தாள். எக்சேஞ்ச் பலகையில் லைன் கயிறு செருகிச் செருகிப் பழகிய கை, மூன்றாவது விரலுக்குள் பிடித்துக்கொண்டது. வலது பெருவிரலுக்குக் கொஞ்சம் கூடவே அப்பினார், அதுதானே அதிகம் உழைத்தது என்று. அப்படித் தாராளம் காட்டியதில் கடைசியில் விழுது தீர்ந்துபோயிற்று, கிண்ணத்தை வழித்தும் வரவில்லை. “ஒத்த விரல் மூளியா நிக்கி, பாருங்க” என்றாள். “நாளைக்கு அரைச்சு வைக்கேன்” என்றார். “ஆமா, ஒத்த விரலுக்கு ஒரு அரைப்பு, ராசா வீட்டுச் சமையல்.” எவ்வளவு நேரம் அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கையும் கட்டிப்போட்ட மாதிரி இருந்ததால் மாத்திரையைக்கூட இவர்தான் அவள் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அந்தச் சாயந்திரத்தை நினைத்து இரண்டு நாளாக உள்ளுக்குள்ளே ஒரு இனிப்பு. இப்போது அதே சாயந்திரம் கசக்கிறது. வியாழக்கிழமை விரல் வைக்க வேண்டியவளுக்குச் செவ்வாய்க்கிழமை விரலை மூடிவிட்ட கிழவன். முப்பது வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்தவன் அன்றைக்கும் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

போன் அதிர்ந்தது. செண்பகா. “அப்பா, முடிஞ்சுதா?” “ஆயிட்டிருக்கும்மா. மிஷின் கொஞ்சம் தகராறு.” “என்ன தகராறு?” “மிஷின்னா தகராறு இருக்கத்தானே செய்யும். நீ எழுந்திரிச்சு நடக்காத.” அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. அந்தச் சத்தமில்லாமையை அவருக்குத் தெரியும், லைன் செத்துப்போனதற்கும் ஆள் யோசிக்கிறதற்கும் உள்ள வித்தியாசம் தூக்கத்தில்கூடத் தெரியும். “அப்பா, அம்மா கையில மருதாணி இருக்குல்லா?” இவர் சாத்திக்கிடந்த கதவைப் பார்த்தார். “ஐயோ அப்பா. நீங்கதான வச்சுவிட்டிய, லெட்சுமியக்கா எங்கிட்ட வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ.” ஊர் சிரித்திருக்கிறது. “உள்ளதான் இருக்கா, வந்துருவா” என்றார். “வரலைன்னா?” இவருக்குச் சொல்ல வாய் வந்தது, ஒண்ணும் ஆகாது என்று. சொல்லவில்லை. “வரலைன்னா நானும் அவ கூடப் போவேன். போயி அங்கேயிருந்து உடனே எழுதிப்போட்டுக் கூட்டிட்டு வந்துருவேன்” என்றார். அது பொய்யென்று இருவருக்கும் தெரியும், மூன்று மாதம் மூன்று மாதம்தான், பிள்ளை ஐந்து வாரத்தில் வந்துவிடும். “சரிப்பா, வச்சிருதேன். பிள்ளை உதைக்கி” என்றாள். அவளாகவே வைத்துவிட்டாள். நல்ல பிள்ளை, இழுத்துக்கொண்டே போகாமல் தானாக வைக்கிறவள். எக்சேஞ்சுக்காரன் மகள்.

பன்னிரண்டு இருபது. மூன்று நிமிடம்தான் ஒரு ட்ரங்க் கால். அதுதான் அந்தக் காலத்துச் சட்டம். ராத்திரியில் ஊர் ஊராகக் கம்பி வழியே அழைத்துக் கொடுத்து, மூன்று நிமிடம் ஆனதும் இவர் நடுவில் புகுந்து சொல்ல வேண்டும்: “மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?” ஆயிரம் தடவை, லட்சம் தடவை சொல்லியிருப்பார். சாவுச் சேதிக்கு நடுவில் சொல்லியிருக்கிறார். ஒருத்தி உண்டு. எண்பத்தி நாலு, மழைக்காலம், பம்பாயில் இருந்த புருஷனுக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலிருந்து கால் போட்டிருந்தாள். லைனில் ஒரே இரைச்சல். ஹலோ கேக்கா, ஹலோ கேக்கா, இரண்டரை நிமிடமும் அதிலேயே போயிற்று. பிறகு ஏதோ புண்ணியத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கி, இரண்டு பேர் மூச்சும் துலக்கமாகக் கேட்டது, அவள் “நான் சொல்லுதத...” என்று ஆரம்பித்தாள். மூன்று நிமிடம். நீட்டிக்கவாம்மா? கையில இவ்ளவுதான் இருக்கு சார் என்றாள். இவர் கட்டணச் சீட்டில் எழுதாமல் ஓடவிட்டார், பேசி முடிக்கட்டும் என்று, இன்னும் இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ. அப்படித்தான் செண்பகாவிடம் சொல்லியிருக்கிறார், உலகம்மாளிடம் சொல்லியிருக்கிறார், ரிட்டயரான அன்று மாலையைப் போட்டுக்கொண்டு மைக்கிலும் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள். ஓடவிட்டாரா? ஓடவிட்டால் அவள் என்ன சொன்னாள் என்று காதில் விழுந்திருக்குமே. நான் சொல்லுதத. அதற்கு மேல் ஒரு சொல்கூட ஏன் ஞாபகத்தில் இல்லை? பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார், அவர் வெற்றிலை வாசனைகூட ஞாபகம் இருக்கிறது. வேறே எவளுக்கோ, வேறே ஒரு ராத்திரியில் ஓடவிட்டதை எடுத்து இவளுக்கு ஒட்டிவைத்துக்கொண்டாரா? கயிற்றைப் பிடுங்கினால் விரலுக்கு வருகிற அந்தச் சின்ன ‘டொக்’. அது இந்த வலது கையில் இருக்கிறது, நாற்பது வருடமாக இருக்கிறது. பிடுங்கினார். பிடுங்கினார், வேறென்ன. டிங்-டாங், எம்பாட், துவா, லீமா. நாலு, ரெண்டு, அஞ்சு. இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணுக்கும் பின்னால் யாராவது நிற்பார்கள். அவளுக்கும் பசிக்கும். அவளுக்கும் ஒரு சட்டம் இருக்கும், ஒரு கடிகாரம் இருக்கும். பன்னிரண்டு நாற்பது.

பன்னிரண்டு நாற்பத்தைந்து. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இறங்கின, தகரம் இறங்குகிற சத்தம். பெண் குரல் நின்றுவிட்டது, அது நின்றபிறகுதான் இவ்வளவு நேரமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. கைக்குழந்தைக்காரி போய்விட்டாள். வீரையா வந்து ஓர வரிசை விளக்கை அணைத்தார். “ஐயா, வெளியில உக்காருங்க, பூட்டணும்” என்றார், சொல்லிவிட்டுப் பூட்டாமல் நின்றார். குற்றாலிங்கம் எழுந்து நின்றார், துணிப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு. எதையாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார், தெரிந்த ஒரே சொல் வந்தது. “தொலோங்” என்றார். தமிழனிடம் போய் மலாயில். வீரையா சிரிக்கவில்லை. “என்கிட்ட இல்ல ஐயா, அவங்க கையில இருக்கு” என்று கதவைக் காட்டினார். கதவுக்கடியில் இருந்த இடுக்கில் வெளிச்சம். எல்லா விளக்கும் அணைந்தபிறகும் அந்த ஒரு கோடு வெளிச்சம் மட்டும் தரையில் கிடந்தது. அதை யாரும் அணைக்கவில்லை. பன்னிரண்டு ஐம்பது. உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம். இவர் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தார், பழைய பழக்கம், மனசுக்குள்ளே கடிகார முள் ஓடும். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. மூன்று முடிகிற இடத்தில் அவர் உடம்பு தானாக விறைத்தது, யாராவது இப்போது நடுவில் புகுந்து சொல்லப்போகிறார்கள். யாரும் சொல்லவில்லை. நாலு. வெளிச்சம் அப்படியே இருந்தது. ஐந்து. கண் ஏன் கலங்குகிறது, குளிர்தான், இந்த மிஷின்களுக்கு எவ்வளவு குளிர் வைக்கிறார்கள். ஆறு. ஏழு.

ஒன்று ஏழுக்கு அவள் வந்தாள். கூடவே தலையில் முக்காடு போட்ட அந்த இளம்பெண், கையில் பாஸ்போர்ட். அவள் இவரைப் பார்த்து என்னவோ நீளமாகச் சொன்னாள், வீரையா திருப்பிச் சொன்னார்: “ஒன்பது விரல் விழலையாம், ஒண்ணே ஒண்ணு விழுந்துச்சாம். ஒண்ணு விழுந்தா மேல உள்ளவர் கையெழுத்து வாங்கிப் போடலாமாம், சாப்பிடப் போன அவரைக் கூப்பிட்டு வாங்கிட்டாங்க. பத்து நிமிசத்துல சீட்டு அச்சாகி வரும், ஒட்டித் தருவாங்க, உக்காருங்க. ஒரு வருசம்.” “எந்த விரலு?” என்று கேட்டார் இவர், தமிழில், நேரே அந்தப் பெண்ணைப் பார்த்து. உலகம்மாள் வலது கையை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். நாலு விரல் ரத்தச் சிவப்பு, ஐந்தாவது, ஓரத்தில், வெறும் விரல். “இந்த மூளிதான். பீடிக்கும் இது எட்டாது, ஓரமா ஒதுங்கி நிக்கும். உங்க மருதாணியும் எட்டல. இத்தன நாளு ஒரு வேலையும் செய்யாம என் கூட இருந்துருக்கு பாத்தியளா.” அந்தப் பெண்ணும் அந்தக் கையைப் பார்த்தாள், சிவப்பைத் தொட்டு “சந்தேக்” என்றாள். “அழகுங்கிறாங்க” என்றார் வீரையா. “அவருதான் வச்சுவிட்டாவ” என்று உலகம்மாள் சொன்னாள், வீரையா அதையும் திருப்பிச் சொன்னார், குற்றாலிங்கத்துக்குக் காது சுட்டது. அந்தப் பெண்ணிடம் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. எண்பத்தி நாலு, மழைக்காலம், பின்னால் வெற்றிலை வாசனை. எந்தப் பாஷையில் சொல்ல? கும்பிட்டார். அவள் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள், சாப்பிடாத முகத்தோடு.

பாதி விளக்கு அணைந்த கூடத்தில் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். செண்பகாவுக்குப் போன் போட்டார், மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள். “ஒரு வருசம்” என்றார். அந்தப் பக்கம் சத்தமில்லை, லைன் சாகவில்லை, ஆள் அழுகிறாள். பேசு என்று சொல்லாமல், வைக்கிறேன் என்றும் சொல்லாமல், போனைக் காதோடு வைத்துக்கொண்டு அவள் அழுது முடிக்கிறவரைக்கும் அப்படியே இருந்தார். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. உலகம்மாள் அவர் மடியிலிருந்து துணிப்பையை எடுத்து, கலைந்த திரிகளை டப்பாவில் நேராக்கினாள். பஞ்சை இணுங்கி உள்ளங்கையில் வைத்து விரலால் உருட்ட ஆரம்பித்தாள், சிவப்பு விரல்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு திரி நீண்டது. “உருட்டாத உலகு, இருக்கிற ரேகையும் தேஞ்சிரப் போகுது” என்றார், போனை மூடிக்கொண்டே. “அடுத்த வருசத்துக்கு இந்த ஒண்ணு போதும்” என்று சுண்டுவிரலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் அடுத்த பஞ்சை எடுத்தாள்.